பழைய மரமும் வைரமும்

மரத்திற்கு வயது ஏற ஏற வைரமும் ஏறிக்கொண்டே போகும் என்பது, இடித்த வீடுகளின் நிலைகளையும் உத்திரங்களையும் விலைபேசி வாங்கி மேசையும் கட்டிலும் செய்விக்கிறவர்களிடையே வேரூன்றிவிட்ட அபிப்பிராயம். இதற்கு நெய்வேலியைக் காட்டிலும் தக்க மறுப்பு வேறெங்கும் கிடைப்பது அரிது. 1956-ல் தோன்றிய நிறுவனம் இங்கே வெட்டியெடுத்துவரும் பழுப்பு நிலக்கரி, யுகக்கணக்கில் புதையுண்டு கிடந்த தாவரங்களின் எச்சமே. நாரும் வடிவமும் சிதையாத மரத்துண்டுகள்கூட அதில் அகப்படுவதுண்டு. ஆயினும் எடையில் ஏறத்தாழப் பாதி நீராகவே இருக்கும் அது, வெயிலில் உலர்ந்தால் வெடித்து உதிருமேயன்றி இழைப்புளிக்கு இணங்குவதில்லை. வடக்கே திருவக்கரையில் கிடக்கும் அடிமரங்களோ சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையுடையவை என்று மதிக்கப்படுகின்றன. அவற்றில் மரத்தின் ஸ்தானத்தைச் சிலிக்கா பிடித்துக்கொண்டு, எல்லாம் கல்லாய்ச் சமைந்துவிட்டன.

அப்படியானால் செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குக்கு அத்தனை பிரசித்தி எதனால்? அந்த மரங்கள் நின்ற காலத்தில் நெடுநாள் வாழ்ந்து, உட்பகுதி பெரும்பாலும் வைரமான பின்னரே வெட்டப்பட்டன என்பதனால்தான். வெட்டுண்ட பிறகு எந்த மரத்திலும் ஓர் இழை வைரம்கூடக் கூடுவதில்லை. வளையங்கள் நெருங்கியிருந்தால் வலிமை அதிகம் என்ற கணக்கும் பைன் முதலிய ஊசியிலை மரங்களுக்கே பெரிதும் பொருந்தும். தேக்கில் ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெருந்துளைகள் அமைவதால், வளையம் மிக நெருங்கிய மரம் லேசாகிவிடவும் கூடும்.

பழைய தேக்கைக் கரையான் தீண்டாது என்பதும் பாதி உண்மையே. வைரப்பகுதியில் ஊறியிருக்கும் இயற்கை ரசாயனங்கள் அதனைக் காக்கின்றன. ஓரத்து வெண்மரத்திற்கு அந்தக் காவல் கிடையாது. நூறாண்டு உலர்ந்த பலகையும் ஐப்பசி மழையில் ஈரம் வாங்கி அகலத்தில் விரியும், சித்திரையில் சுருங்கும். ஆகவே மேசைப் பலகையை அசையவொட்டாமல் சட்டத்தோடு ஆணியடித்து இறுக்கிவிடுபவர், அது வெடித்தபின் மரத்தை நொந்துகொள்வதில் நியாயமில்லை.

இடித்த வீட்டு மரம் குடிக்கு ஆகாது என்ற பயத்தைக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளின் வியாபாரமே பொய்ப்பித்துக்கொண்டிருக்கிறது. நியாயமாகப் பயப்பட வேண்டியது பழைய கதவுகளின் வண்ணப்பூச்சைக் கண்டுதான்: அதில் ஈயம் கலந்திருக்கக் கூடும், உலர்நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி முதலில் தீங்கு செய்வது வீட்டுக் குழந்தைகளுக்கே.