எரிபொருள் கொள்கையும் உழவர் நிலமும்

எரிபொருளைப் பற்றிய சர்க்கார் முடிவு உழவர் வீட்டு வாசல் வரை வரும் என்பதைப் புதுக்கோட்டை மாவட்டத்தாருக்கு நாம் விளக்கத் தேவையில்லை. 2017-ல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து மக்கள் கிளர்ச்சி செய்தனர். 2020-ல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் அறந்தாங்கி, கறம்பக்குடி முதலிய வட்டாரங்கள் சேர்க்கப்பட்டன. மண்ணின் அடியிலுள்ள எண்ணெயின் கதை அது. மண்ணின் மேல் விளையும் எரிபொருளைப் பற்றி இங்கே ஆராய்வோம்.

வண்டிப் புகையைக் குறைக்கச் சர்க்கார் கையாளும் முதல் வழி கட்டளையிடுவது. 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி நாடெங்கும் அமலாயிற்று. டீசலிலுள்ள கந்தகம் பத்து லட்சம் பங்கில் 50-லிருந்து 10 ஆகக் குறைந்தது. நெசவாளருக்கு நூல் சுமந்து வரும் புதிய லாரியும் இதற்கு உட்பட்டதே. இரண்டாவது வழி, புது எரிபொருளை விலை கொடுத்து வாங்குவது. உழவர் கவனிக்க வேண்டியது இதுவே.

2003-ல் மத்தியத் திட்டக் கமிஷனின் குழு ஒன்று, தரிசு நிலங்களில் காட்டாமணக்குப் பயிரிட்டுப் பயோடீசல் எடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. தண்ணீர் அதிகம் வேண்டாம், ஆடு மாடு தின்னாது என்றெல்லாம் புகழ்ந்தனர். வானம் பார்த்த பூமி உடையவருக்கு இதைவிட இனிய சொல் வேறு ஏது? செடி பிழைத்தது உண்மை. நீரும் எருவும் இல்லாத இடத்தில் காய்ப்புத்தான் இல்லை. 2005-ல் சர்க்கார் அறிவித்த கொள்முதல் விலை லிட்டருக்கு 25 ரூபாய். உற்பத்திச் செலவோ அதற்கு மேல். கோயம்புத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஆராய்ந்தோர், விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவென்றும், ஏழை விவசாயிகளே அதிகம் நஷ்டமடைந்தனர் என்றும் 2010-ல் எழுதினர்.

எத்தனாலின் வரலாறு வேறு. பெட்ரோலில் நூற்றுக்கு 5 பங்கு எத்தனால் கலக்கும் திட்டம் 2003 ஜனவரியில் தமிழ்நாடு உட்பட 9 மாநிலங்களில் தொடங்கியது. ஆயினும் 2013-14-ல் கலப்பு ஏறக்குறைய ஒன்றரை சதவீதமே. 2014 இறுதியில் சர்க்கார் கொள்முதல் விலையைத் தாமே நிர்ணயித்தனர். 2018-ல் வரியை 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தனர். கழிவுப்பாகு மட்டுமன்றிக் கரும்புச் சாற்றிலிருந்தும் எடுக்க வழி செய்தனர். 2022 ஜூனில் கலப்பு 10 சதவீதத்தையும், 2025-ல் 20 சதவீதத்தையும் எட்டியது. நிச்சயமான விலையும் நிச்சயமான கொள்வோரும் அமைந்த பின்னரே ஆலைகள் முதலீடு செய்தன என்பது நம் கருத்து.

எனினும் கொடுத்த கை திரும்பவும் கூடும். மழை குறைந்து சர்க்கரை உற்பத்தி சுருங்கும் என்ற அச்சத்தால், 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றை எத்தனாலுக்குப் பயன்படுத்துவது கட்டுப்படுத்தப்பட்டது; 2024 ஆகஸ்டில்தான் அத்தடை நீங்கியது. இடையே மக்காச்சோளத்துக்கு யோகம் அடித்தது. 2024 ஜனவரியில் மக்காச்சோள எத்தனாலுக்கு லிட்டர் 71 ரூபாய் 86 காசு என்று விலை வைத்தனர். ஒரு டன்னிலிருந்து சுமார் 380 லிட்டர் கிடைக்கும். கோழித்தீவனத்துக்கும் அதே தானியம் வேண்டியிருத்தலால் போட்டி மூண்டது.

கரும்புக்கு வேண்டிய நீர் நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் இல்லை. மக்காச்சோளம் அதைவிடக் குறைந்த நீரில், குறைந்த நாளில் விளைவது. ஆனால் லிட்டருக்கு அறிவிக்கும் விலை ஆலைக்குரியது, உழவருக்குரியதன்று. ஆகையால் விதைக்கு முன்பணம் வாங்குமுன் கொள்முதல் விலை, எடையிடும் இடம், பணம் தரும் நாள் மூன்றையும் எழுத்தில் பெறுதல் வேண்டும். தானியத்தில் ஈரம் 14 சதவீதத்துக்கு மேற்பட்டால் வாங்குவோர் விலையில் பிடித்தம் செய்வது வழக்கம். அங்கத்தினர்கள் பொதுக் களத்தில் நன்கு உலர்த்தி, சங்கத்தின் மூலம் ஒரே குவியலாக எடையிட்டு விற்றால், அந்தப் பிடித்தத்தையும் தரகையும் மிச்சப்படுத்தலாம்.