சாவியைச் சுற்றி வழி போடாதே

தம்பி,

உன் பழைய புல்லட்டில் சாவியைத் திருப்பினால் ஒரு நாள் எல்லாம் சரியாக இருக்கிறது, மறுநாள் ஒன்றுமே வருவதில்லை என்று எழுதியிருந்தாய். கடையில் 'டைரக்ட் பண்ணிடலாமா?' என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்திருக்கிறாய். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. 1955-ல் மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கிய காலத்திலிருந்து திருவொற்றியூரில் உருவான வண்டிகள் எத்தனையோ கை மாறி இன்னும் ஓடுகின்றன என்றால், அவற்றைக் குறுக்குவழி தேடாமல் பழுது பார்த்தவர்கள் இருந்ததால்தான். கீ சுவிட்ச் சின்னப் பொருள். ஆனாலும் வேலை செய்கிறவனின் குணம் அதில்தான் முதலில் தெரியும்.

1. பழி போடுமுன் விசாரி. உன் வண்டியின் ஹெட்லைட் டூமில் ஆம்பியர் மீட்டர் இருக்கிறதே, அதை அலங்காரம் என்று நினைக்காதே. சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல மெல்ல அமுக்கிக்கொண்டே முள்ளைப் பார். சி.பி. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயில் மூன்று நான்கு ஆம்பியர் இழுக்கும். முள் மைனஸ் பக்கம் சரியும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்குத் திரும்பும். முள் இப்படிச் சரிந்து சரிந்து வந்தால், சாவி வழியாகக் காயிலுக்கு மின்சாரம் போகிறது என்று பொருள். பிறகு கண்டன்சரையோ பிளக்கையோ போய்க் கேள். முள் அசையவே இல்லை என்றால் மட்டும் சாவியின் பக்கம் வா. அப்போதும் பாயிண்டில் கறுப்பு படிந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு வா.

2. வண்டியின் கழுத்தை மறக்காதே. ஒரு கம்பவுண்டர் வைத்திருந்த புல்லட், வளைவில் திரும்பும்போது மட்டும் நின்றுவிடும். பேட்டரி மாற்றினார்கள், காயில் மாற்றினார்கள், கடைசியில் கீ சுவிட்சும் புதிதாகப் போட்டார்கள். வண்டி அப்படியேதான் நின்றது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. வண்டியை ஐட்லிங்கில் விட்டு, ஹேண்டில்பாரை இடமும் வலமும் திருப்பினார். கழுத்தருகே வயர்க் கொத்தை விரலால் நெருடினார். உறை முழுதாக இருந்தது, உள்ளே செம்பு இழைகள் அறுந்திருந்தன. ஆண்டுக்கணக்கில் மடங்கி மடங்கி நிமிர்ந்த இடம் அது. கம்பவுண்டரிடம் அன்று அவர் வாங்கியது ஒரு சாண் வயரின் விலை மட்டும்.

3. மல்டிமீட்டரின் 'பீப்' சத்தத்தை நம்பி முடிவுக்கு வராதே. வயரில் ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும், சுவிட்சுக்குள் ஊசிமுனை அளவு செம்பு தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். நான்கு ஆம்பியரைச் சுமக்க அந்த இழைக்குத் தெம்பு கிடையாது. வேலை செய்யும்போதுதான் அளக்க வேண்டும். பாயிண்ட் மூடிய நிலையில் சாவியைப் போட்டு, பேட்டரியின் உயிர் முனையில் மீட்டரின் ஒரு முள்ளையும், காயிலுக்கு மின்சாரம் வந்து சேரும் முனையில் இன்னொரு முள்ளையும் வை. வருகிற எண், வழியில் தொலைந்துபோன வோல்ட். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பழைய வண்டிக்குப் பரவாயில்லை. ஆறு வோல்ட் வண்டியில் ஒரு வோல்ட் தொலைந்தால் ஆறில் ஒரு பங்கு போயிற்று. காலையில் நீ கிக்கரை மிதித்துச் சோர்ந்துபோவது அந்த ஒரு வோல்ட்டால்தான். அளந்தவுடன் சாவியை அணை. பாயிண்ட் மூடியபடி நிற்கும் வண்டியில் சாவியைப் போட்டே வைத்தால் காயில் சூடேறிக் கெட்டுவிடும்.

4. கழற்றுமுன் எர்த் முனையை எடு. எல்லா வண்டியிலும் மைனஸ்தான் எர்த் என்று மனப்பாடமாக வைத்துக்கொள்ளாதே. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் சேசிஸோடு சேர்ந்திருக்கும். எந்த வயர் சேசிஸுக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்து அதை முதலில் கழற்று. பிறகு ஹெட்லைட் ரிம்மை எடுத்துவிட்டு, உள்ளே இருப்பதைக் கைபேசியில் நாலு பக்கமிருந்தும் படம் எடு. வயரின் நிறத்தை மட்டும் நம்பாதே. உனக்கு முன்னால் யாரோ ஒருவர் கையில் கிடைத்த வயரைப் போட்டிருப்பார். ஒவ்வொன்றிலும் துண்டுத் தாள் ஒட்டி எண் எழுது.

5. சுவிட்சைத் திறக்கும்போது அவசரத்தை வெளியே நிறுத்திவிட்டு வா. பின்தகட்டை நாலைந்து மடக்கிய காதுகள் பிடித்திருக்கும். அந்தக் காது ஒரு முறை நிமிர்த்தினால் தாங்கும். இரண்டாவது, மூன்றாவது முறையில் ஒடிந்துவிடும். மெல்லிய திருப்புளியால் ஒவ்வொன்றாக, முழுதும் நிமிர்த்தாமல், தகடு கழலும் அளவுக்கு மட்டும் தூக்கு. கீழே வெள்ளை வேட்டித் துணி விரித்துக்கொள். முடிந்தால் கைகளையும் சுவிட்சையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டுத் திற. உள்ளே கடுகைவிடச் சற்றே பெரிய எஃகுக் குண்டும் அதைத் தள்ளும் ஸ்பிரிங்கும் இருக்கும். சாவியைத் திருப்பும்போது 'டக்' என்று ஒரு நிலையில் உட்காருகிறதே, அது அந்தக் குண்டின் வேலை. தகடு விலகியதும் அதுதான் முதலில் பறக்கும். பதறாத காரியம் சிதறாது என்று சொன்னவர் இப்படி ஒரு சுவிட்சைத் திறந்துதான் சொல்லியிருப்பார் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

உள்ளே நன்றாகப் பார். பேக்லைட் தட்டின் மேல் ஒரு செம்புப் பாலம், அது தொட்டுப் போகும் பித்தளைக் குமிழ்கள், அவற்றைச் சுற்றிக் கறுத்து இறுகிப்போன கிரீஸ், ஓரத்தில் பச்சைக் களிம்பு. டூமின் மேலே வானம் பார்த்து இருக்கும் சாவித் துளையில் மழையும் வாட்டர் சர்வீஸின் தண்ணீரும் இறங்கினால் இப்படித்தான் ஆகும். இவ்வளவு காலம் தாங்கிய பொருளைப் பார்க்கிறாய். ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் பிறகு கை வை.

6. உப்புத்தாளைத் தொடாதே. உடனே பளபளப்பாகும், மனசுக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் அது விட்டுச்செல்லும் கீறல்களில் களிம்பு முன்னைவிட வேகமாகக் குடியேறும். காண்டாக்ட் கிளீனர் தெளித்துப் பழைய கிரீஸைக் கரை. பென்சில் ரப்பரால் குமிழ்களைத் தேய். செம்புப் பாலம் குழி விழுந்து போயிருந்தால் மட்டும் மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு. கடைசியில் வாசலைன் மிகக் கொஞ்சமாக, விரலில் பட்டதா என்று சந்தேகம் வரும் அளவுக்குத் தடவு. வயரைச் சுவிட்சிலேயே வைத்துப் பற்றவைக்கும்படி ஆனால் சூட்டுக்கோலை நொடிக்கணக்கில்தான் வைக்க வேண்டும். அதிகம் சூடானால் பேக்லைட் விரிந்து குமிழ் ஆடத் தொடங்கும். அதற்கு மருந்து கிடையாது.

7. பூட்டுக்கு எண்ணெய் விடாதே. பூட்டு உருளைக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகளும் மயிரிழை போன்ற ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. எண்ணெயில் தூசி சேர்ந்து பிசினாகி அவற்றைப் பிடித்துக்கொள்ளும். 4பி பென்சிலின் கரியைச் சுரண்டி, சாவியில் தடவி உள்ளே விடு, போதும். கரி மின்சாரத்தைக் கடத்தும், அதனால் காண்டாக்ட் பக்கம் ஒரு துளியும் போய்விடக் கூடாது. வீட்டுச் சாவி, பீரோ சாவி எல்லாம் கோத்த கொத்தை வண்டியில் தொங்கவிடுகிறவர்களிடம் அன்பாக எடுத்துச் சொல். குண்டும் குழியுமான சாலையில் அந்தக் கனம் ஆடி ஆடியே பூட்டைத் தின்றுவிடுகிறது. ஓடும்போதே சாவி கையோடு வரும் வண்டிகளெல்லாம் அப்படி ஆனவைதான்.

8. இதுதான் நான் எழுத வந்த விஷயம். டைரக்ட் பண்ணாதே. சாவியைச் சுற்றி ஒரு வயரைப் போட்டுக் காயிலுக்கு நேராக மின்சாரம் கொடுப்பது ஐந்து நிமிட வேலை. வாடிக்கையாளர் மகிழ்ந்து போவார், காசும் வரும். ஆனால் வயரைப் போட்டவர் எங்கே போட்டோம் என்பதை மறந்துவிடுவார், வண்டி வேறு கைக்குப் போகும். ஒரு பால்காரரின் வண்டியில் சீட்டுக்கு அடியில் யாரோ வீட்டுச் சுவிட்ச் ஒன்றை வைத்து டைரக்ட் செய்திருந்தார்கள். அணைக்க மறந்து இரவெல்லாம் கிடந்ததில் காயில் வெந்து, பேட்டரியும் இறங்கி, மறுநாள் பால் வீடு வீடாகப் போகவில்லை. வண்டியைச் சரிசெய்ய ஆன செலவைவிட, அன்று அவர் கேட்ட பேச்சுதான் பெரிது. ஃபியூஸ் போன இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவதும் இதே புத்திதான். பெட்ரோல் டேங்குக்கு அடியில் வயர் சூடாகிற காரியத்தில் விளையாட்டு வேண்டாம்.

யமஹா ஆர்.எக்ஸ். 100 மாதிரி சி.டி.ஐ. வண்டி வந்தால் கணக்கு தலைகீழ் என்பதையும் தெரிந்துகொள். அங்கே சாவியை அணைத்தால்தான் உள்ளே தொடர்பு சேரும். அது இக்னிஷனை எர்த் செய்து இன்ஜினை நிறுத்தும். பொறி வரவில்லை என்றால் சுவிட்சின் கனெக்டரைக் கழற்றிப் பார். பொறி வந்துவிட்டால் குற்றம் சுவிட்சிலோ அதன் வயரிலோதான். பார்த்து முடித்ததும் கனெக்டரைத் திரும்ப மாட்டு. கழற்றியபடியே ஓட்டிக்கொண்டு போகச் சொல்லாதே. அந்த வண்டியை அப்புறம் யார் வேண்டுமானாலும் மிதித்து எடுத்துப் போகலாம்.

9. பூட்டைத் திறக்கத் தெரிந்தவன் யாருக்குத் திறக்கிறோம் என்று கேட்க வேண்டும். ஒரு மாலை, கடை சாத்தும் நேரத்தில், நன்றாக உடுத்திய பையன் ஒருவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். சாவி தொலைந்துவிட்டது, அம்மா ஆஸ்பத்திரியில் என்றான். பெரியவர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார், தண்ணீர் கொடுத்தார், ஆர்.சி. புக்கைக் கேட்டார். வீட்டில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று வண்டியை விட்டுவிட்டுப் போனவன் திரும்பவே இல்லை. மறுநாள் காலை அவர் முதல் வேலையாகக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு வந்தார். ஒருவேளை அந்தப் பையன் சொன்னது உண்மையாக இருந்திருந்தால் என்று நான் கேட்டேன். "அதற்குத்தான் ஆட்டோவுக்குக் காசு எடுத்து வைத்திருந்தேன்" என்றார். இரக்கமும் எச்சரிக்கையும் ஒரே கையில் இருக்க முடியும் என்று அன்றுதான் பார்த்தேன்.

10. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மாற்று, ஆனால் பார்த்து மாற்று. பழைய லூகாஸ் சுவிட்சுகள் சிலவற்றில் ஐ.ஜி.என்., இ.எம்.ஜி. என்று இரண்டு நிலை இருக்கும். பேட்டரி இறங்கிப்போனால் ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக மின்சாரம் எடுத்து வண்டியைக் கிளப்ப இரண்டாவது நிலை. லைட்டைப் போட்டால் சார்ஜ் கூட வேண்டும் என்ற ஏற்பாட்டையும் அந்தச் சுவிட்சே பார்த்துக்கொள்ளும். அந்த இடத்தில் இரண்டு முனை உள்ள சாதாரணச் சுவிட்சை வைத்தால், வண்டி கிளம்பும், பேட்டரி மெல்லச் சாகும். ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் பொறுமையாகத் தேடு. பழையதைத் தூக்கி எறியாதே. உறையில் போட்டு வண்டிக்காரரிடம் கொடு. சாவியில் எண் இருந்தால் அதையும் எழுதிக்கொடு. தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்துதான் வெட்டப்படும்.

உன் சுவிட்சை இப்போதைக்குக் கழற்றாதே. மூன்றாவதாகச் சொன்னபடி மீட்டரை வைத்து என்ன எண் வருகிறது என்று பார்த்து எனக்கு எழுது. ஹேண்டில் நேராக இருக்கும்போது ஒரு எண், இடப்பக்கம் முழுதும் திருப்பி ஒரு எண், வலப்பக்கம் ஒரு எண். மூன்றும் ஒன்றாகவும் அரை வோல்ட்டுக்கு மேலும் இருந்தால் டூமைத் திற. திருப்பும்போது மாறினால் கழுத்து வயரிலிருந்து தொடங்கு.