மாரி காலத்தில் ஒரு சொக்லேட் பாடம்

(க.பொ.த. உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவி ஒருத்தியின் கட்டுரை)

மத்தியதரைக் கடலோர நாடுகளில் தோடம்பழம் குளிர்காலத்துப் பழம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் அது சந்தைக்கு நிறைய வரும். அங்குள்ளோர் பழத்தை உண்டபின் தோலையும் வீசுவதில்லை. நீள நீளமாக வெட்டி, சீனிப்பாகில் காய்ச்சி, உலர்த்தி, கருஞ்சொக்லேட்டில் தோய்த்து எடுக்கிறார்கள். பிரான்ஸ் நாட்டில் இதற்கு ஒரஞ்செட் என்று பெயர்.

புல்மோட்டையில் பனி பெய்வதில்லை. ஆனால் நமக்கும் ஒரு குளிர்காலம் உண்டு. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொண்டுவரும் மாரி காலமே அது. இந்த இனிப்பைச் செய்ய மாரியே ஏற்ற காலம். அதே மாரி இதற்குப் பகையுமாகும். அது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை வெறும் பொழுதுபோக்காக நான் எழுதவில்லை. மாரியில் கடல் கொந்தளிக்கும். என் வாப்பாவைப் போன்ற பலர் வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு வீட்டில் இருப்பார்கள். வருமானம் குறையும் அந்த மாதங்களில், வீட்டிலிருந்தே செய்து விற்கக்கூடிய ஒரு பண்டம் குடும்பத்துக்கு உதவியாகும். நான் இந்த இனிப்பைப் பற்றிச் சொன்னபோது உம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "செய்யிறது பெரிசில்ல மகள், நாலு நாளைக்குக் கெடாம இரிக்குமா? அதச் சொல்லு." அக்கேள்விக்கு விடை தேடிப் போனபோது, அது எங்கள் இரசாயனவியல், உயிரியல் பாடங்களிலேயே இருப்பதைக் கண்டேன்.

சொற்கள் வந்த வழி

செய்முறைக்கு முன் பெயர்களைச் சற்றுப் பார்ப்போம். 'ஒரஞ்ச்' என்ற சொல் ஐரோப்பாவுக்கு அரபு மொழியின் 'நாரன்ஜ்' வழியாகப் போனது. அரபிக்கு அது பாரசீகத்திலிருந்தும், பாரசீகத்துக்கு வடமொழியிலிருந்தும் வந்தது. அதன் வேர் நம் 'நாரத்தை' என்ற சொல்லோடு உறவுடையது என்று மொழியறிஞர் பலர் கருதுகின்றனர். 'கேண்டி' என்ற ஆங்கிலச் சொல்லும் 'கன்த்' என்ற அரபுச் சொல் வழியாகச் சென்றதே. கற்கண்டில் உள்ள 'கண்டு' அதன் உறவு. 'சிரப்' என்பதும் 'ஷராப்' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்ததே. நாம் நோன்பு திறக்கும்போது குடிக்கும் சர்பத்தும் அதே வேரைச் சேர்ந்தது.

கரும்பையும் புளித்தோடையையும் ஸ்பெயினுக்கும் சிசிலித் தீவுக்கும் கொண்டு சென்றவர்கள் அரபிகளும் அவர்களின் கீழ் வாழ்ந்த உழவர்களுமே. சொக்லேட் மட்டும் மெக்சிகோ நாட்டிலிருந்து பின்னர் வந்து சேர்ந்தது. அதன் மூலப்பொருளான கொக்கோவும் இன்று நமக்கு அந்நியமன்று. கண்டி, மாத்தளை, குருநாகல் பகுதிகளில் அது விளைகிறது. ஆகவே, இதை வெளிநாட்டுப் பண்டம் என்று முழுதாக ஒதுக்கிவிட முடியாது.

சொக்லேட்டின் இரு பகைவர்

முதற்பகை வெப்பம். சொக்லேட்டைக் கட்டியாக வைத்திருப்பது கொக்கோ வெண்ணெய் என்னும் கொழுப்பு. அது உறையும்போது ஆறு வகையான பளிங்கு வடிவங்களை எடுக்கக்கூடியது. அவற்றுள் ஐந்தாம் வடிவமே நமக்கு வேண்டியது. அதுதான் பளபளப்பைத் தரும்; உடைக்கும்போது 'டக்' என்ற ஓசையைத் தரும். அதன் உருகுநிலை ஏறத்தாழ 34 பாகை செல்சியஸ். நம் உடலின் வெப்பநிலை 37 பாகை. அதனால்தான் கையில் கட்டியாக இருப்பது வாயில் கரைகிறது. மற்ற வடிவங்களில் பல 30 பாகைக்குக் கீழேயே இளகிவிடும்.

இப்போது நம் ஊரின் காலநிலையை எண்ணிப் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை நண்பகலில் 34 பாகையைத் தாண்டுவது இங்கே வழமை. திருகோணமலையில் வாங்கிய சொக்லேட், ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் வந்து சேரும்போது உறைக்குள் குழம்பாகிவிடுவதை நாம் எல்லோரும் அறிவோம். டிசம்பர், ஜனவரியில் நிலை வேறு. சுபஹுத் தொழுகைக்குப் பின்னான நேரத்தில் வெப்பநிலை 24 பாகையளவில் இருக்கும். குளிரூட்டிய அறை இல்லாத வீட்டிலும் அப்போது சொக்லேட் தானாக உறையும்.

இரண்டாம் பகை நீர். உருகிய சொக்லேட் என்பது கொழுப்பில் மிதக்கும் நுண்ணிய சீனித் துணிக்கைகளும் கொக்கோத் துணிக்கைகளுமே. அதில் நீர் அநேகமாக இல்லை. ஒரு சில துளி நீர் விழுந்தாலும் சீனித் துணிக்கைகள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கண்ணெதிரிலேயே முழுப் பாத்திரமும் களிமண் போலத் திரளும். அப்படித் திரண்டதைத் தோய்ப்பதற்குப் பயன்படுத்த முடியாது. ஆனால் வீசவும் வேண்டாம். சுடுபால் ஊற்றிக் கலக்கினால் குடிபானமாகும்.

ஆகவே கோடையில் நீர்ப்பகை குறைவு, வெப்பப்பகை அதிகம். மாரியில் வெப்பம் விலகுகிறது, ஈரம் நெருங்குகிறது. வெப்பத்தை வெல்ல இயந்திரம் வேண்டும். ஈரத்தை வெல்லக் கவனம் போதும். மாரியைத் தெரிவு செய்வதற்குக் காரணம் இதுதான்.

தோலைப் பதப்படுத்தல்

தேவையானவை: தோடம்பழம் 5, சீனி 500 கிராம், நீர் 500 மில்லிலீற்றர், கருஞ்சொக்லேட் 300 கிராம். பிபிலைத் தோடம்பழம் போன்ற உள்ளூர்ப் பழமும் நல்லதே. தோல் பச்சையாக இருப்பதால் காய் என்று எண்ண வேண்டாம். குளிர் இரவுகள் இல்லாத நாட்டில் தோலின் பச்சையம் அழியாமல் நிற்கிறது. உள்ளே பழம் பழுத்தே இருக்கும். பம்பளிமாஸ் தோல் தடிப்பானது, அதுவும் இதற்கு ஏற்றது. கடையில் வாங்கும் இறக்குமதிப் பழத்தின் மேல் மெழுகு பூசியிருக்கலாம். இளஞ்சுடுநீரில் நன்கு தேய்த்துக் கழுவுங்கள்.

தோலைச் சுண்டுவிரலின் பாதி அகலத்தில் வெட்டுங்கள். புது நீரில் இட்டு 5 நிமிடம் கொதிக்கவைத்து வடியுங்கள். இவ்வாறு மூன்று முறை செய்யுங்கள். கசப்பைத் தரும் பொருள்கள் நீரோடு போய்விடும். அத்துடன் இன்னொன்றும் நடக்கிறது. உயிருள்ள கலத்தின் மென்சவ்வு சீனியை எளிதில் உள்ளே விடாது. கொதிக்கும்போது அம்மென்சவ்வு சிதைகிறது. அதன்பின் சீனி பரவல் முறையில் தோலுக்குள் புகலாம். தோலை அவிக்காமல் பாகில் போட்டால் அது சுருங்கித் தோற்பட்டி போலாவதன் காரணம் இதுவே.

பின்னர் சீனியையும் நீரையும் கரைத்து, தோலை இட்டு, மெல்லிய தீயில் 45 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம் வரை வைத்திருங்கள். அடிக்கடி கிண்டினால் பாகு கற்கண்டாகிவிடும். பாத்திரத்தை மெதுவாக அசைத்தால் போதும். தோல் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் தன்மை பெற்றதும் இறக்குங்கள். மிஞ்சும் பாகு தேநீருக்கும் சர்பத்துக்கும் உதவும்.

அடுத்தது உலர்த்தல். மாரியில் கடினமான படி இதுதான். காற்றின் சாரீரப்பதன் 85 சதவீதத்தைக் கடந்தால் சீனி காற்றிலுள்ள நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். எனவே மழை கொட்டும் நாளில் திறந்த யன்னலோரத்தில் வைப்பது வீண். சோறாக்கி முடிந்து நெருப்புத் தணிந்த அடுப்பின் மேல், கம்பித் தட்டில் பரப்பி வையுங்கள். மழை விட்ட நேரத்தில் மின்விசிறிக் காற்றும் உதவும். விரலால் தொட்டால் ஒட்டாத நிலை வரவேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு ஒன்றரை நாள் எடுத்தது.

தோய்த்தல்

சொக்லேட்டை நுணுக்கமாகச் சீவி, 200 கிராமை ஒரு கிண்ணத்திலும் 100 கிராமை வேறாகவும் வையுங்கள். பாத்திரத்தில் சிறிது நீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்த பின் அதன்மேல் கிண்ணத்தை வையுங்கள். கிண்ணத்தின் வாய் பாத்திரத்தின் வாயைவிட அகலமாக இருக்கட்டும். அப்போதுதான் நீராவி உள்ளே வராது. கரண்டி, கை, கிண்ணத்தின் அடி எல்லாம் துணியால் துடைத்து உலர்ந்திருக்க வேண்டும்.

200 கிராமும் உருகியதும் கிண்ணத்தை இறக்கி, மீதி 100 கிராமைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கிளறுங்கள். இது வெறுமனே குளிர்விப்பதற்காக அல்ல. உருகாத அந்தத் தூளில் ஐந்தாம் வடிவப் பளிங்குகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவை வித்தாக நின்று, உருகியதையும் தம் வடிவத்திலேயே உறையச் செய்கின்றன. கருஞ்சொக்லேட் 31 அல்லது 32 பாகைக்கு வந்ததும் தோய்க்கலாம். வெப்பமானி இல்லாதவர்கள் சுத்தமான கரண்டியில் ஒரு துளி எடுத்துக் கீழுதட்டின் கீழே தொட்டுப் பாருங்கள். சற்றுக் குளிர்மையாகத் தோன்றினால் அதுவே பதம். ஒவ்வொரு துண்டையும் பாதியளவு தோய்த்து, எண்ணெய்த் தாளில் அடுக்குங்கள். சரியான பதமாயின் பத்து நிமிடத்தில் உறையத் தொடங்கும்.

தோலுக்குப் பதிலாகச் சுளையையும் தோய்க்கலாம். சுளையின் மெல்லிய தோல் கிழியாமல் பிரித்து, ஒரு மணித்தியாலம் உலரவிட்டு, பாதி தோய்த்தால் போதும். வைத்தமின் சீ வேண்டுமென்றால் சுளையே நல்லது. கொதித்த தோலில் அது பெரும்பாலும் எஞ்சாது. ஆனால் சுளையை அன்றே உண்டுவிட வேண்டும்.

உம்மாவின் கேள்விக்கு விடை

சுளை ஒரு நாளில் கெடுகிறது, தோல் ஏன் கெடுவதில்லை? சுளையில் நீர் நிறைய உண்டு. நுண்ணங்கிகள் அதில் பெருகும். பாகேறிய தோலிலோ சீனியின் செறிவு மிக அதிகம். அதன்மேல் விழும் பற்றீரியாவின் கலத்திலிருந்து நீர் பிரசாரணத்தால் வெளியேறிவிடுகிறது. ஆகவே அது பெருக முடியாது. கருவாட்டை உப்பு காப்பதும் இதே முறையில்தான். நன்கு உலர்ந்த தோல் காற்றுப்புகாப் போத்தலில் இரண்டு வாரம் தாராளமாக இருக்கும்.

குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதானால் ஓர் எச்சரிக்கை. வெளியே எடுத்தவுடன் மூடியைத் திறக்காதீர்கள். குளிர்ந்த சொக்லேட்டின் மேல் ஈரக்காற்று பட்டால் பனித்துளி படியும். அது சீனியைக் கரைத்து, காய்ந்தபின் வெண்படலமாக நிற்கும். பெட்டி அறை வெப்பநிலைக்கு வந்தபின் திறந்தால் இது நேராது.

விற்க விரும்புவோருக்கு

சொக்லேட் வாங்கும்போது உறையில் உள்ள சேர்மானங்களைப் படியுங்கள். அளவில் கூடியதே முதலில் எழுதப்பட்டிருக்கும். கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பாம் எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்புச் சேர்த்த கட்டிகளும் உண்டு. அவை விலை குறைவு. பளிங்கு வித்திடும் வேலையும் இல்லை. ஆனால் வாயில் மெழுகு போல நிற்கும். எதைச் சேர்த்தோம் என்பதை வாங்குபவருக்குச் சொல்லிவிட வேண்டும். சுவையூட்டிகளில் மதுசாரம், விலங்குக் கொழுப்பு போன்றவை உள்ளனவா என்று பார்ப்பதும் நம் கடமை.

இலங்கையில் உணவு விற்பனையை 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. தொடங்குமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை பெறுங்கள். பொதியில் சேர்மானங்களையும் செய்த திகதியையும் எழுதுங்கள். எங்களுக்கு 5 பழத்தோலில் 100 துண்டுகள் அளவில் கிடைத்தன. பழம் நம் வாயில் போய்விட்டதால், கணக்கில் வருவது சீனி, சொக்லேட், எரிபொருள், பொதி, உழைப்பு ஆகியனவே. உழைப்பைக் கணக்கிடாமல் விலை போடுவது நம் தாய்மாரின் வழக்கம். அதை மாற்றுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீரிழிவு உள்ளவர்கள் இதைச் சுவைக்கு ஒன்று என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் மகள் அடுக்களையில் வெப்பநிலை பற்றியும் பளிங்கு பற்றியும் பேசினால், "இது படிக்கிற நேரமா, சமைக்கிற நேரமா?" என்று கேட்காதீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். சகோதரிகளே, இந்த மாரியில் தோடம்பழம் உரித்தால் தோலை எறியாமல் எடுத்து வையுங்கள். முதலில் ஐந்து பழத்தோடு தொடங்குங்கள். நேரம், வெப்பநிலை, எத்தனை நாள் இருந்தது என்பவற்றை ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை செய்யும்போது அக்கொப்பியே உங்களுக்கு ஆசிரியையாகும்.