எண்ணைப் பூட்டும் சாவி

கேள்வி: வேலையின்மை பற்றி அரசு சொல்லும் கணக்கை நம்பலாமா? எடுப்பவர்களும் அரசுச் சம்பளக்காரர்கள்தானே?
– ஏலத்தோட்ட வாசகர், போடிமெட்டு

பதில்: பெரும்பாலும் நம்பலாம். சம்பளம் யார் தருகிறார் என்பதைவிட, கணக்கை எப்போது வெளியிடுவது என்று யார் முடிவு செய்கிறார் என்று பாருங்கள். போடி ஏலத்தில் காய் என்ன விலைக்குப் போனது என்பது அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிடும். 2017-18 வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தேசியப் புள்ளியியல் ஆணையம் 2018 டிசம்பரில் ஒப்புதல் தந்தும் அறிக்கை வெளிவரவில்லை. 2019 ஜனவரியில் ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் பி.சி.மோகனனும் உறுப்பினர் ஜே.வி.மீனாட்சியும் விலகினார்கள். வேலையின்மை 6.1 சதவீதம் என்று பத்திரிகையில் கசிந்தபோது, அது இறுதியான அறிக்கை அல்ல என்றது அரசுத் தரப்பு. தேர்தல் முடிந்து, புதிய அமைச்சரவை பதவியேற்ற மறுநாள், மே 31 அன்று, அதே 6.1 அதிகாரபூர்வமாக வந்தது!

களத்தில் எழுதியவர்கள் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். சாவிதான் வேறு கையில். ஆணையத்துக்குச் சட்ட அந்தஸ்து வேண்டும் என்று ரங்கராஜன் குழு 2001-லேயே சொன்னது. 2006-ல் அமைந்த ஆணையமோ வெறும் அரசுத் தீர்மானத்தின் பேரில் உருவானது. பிரிட்டனில் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி புள்ளியியல் அமைப்பு நாடாளுமன்றத்துக்குத்தான் பதில் சொல்கிறது. இங்கே, வெளியீட்டுத் தேதிகளைப் புள்ளியியல் அமைச்சகம் முன்கூட்டியே அறிவிக்கிறது. அந்தத் தேதி தள்ளிப்போனால் ஏன் என்று கேளுங்கள்.