ஜேடர்பாளையத்தில் இருந்தே தொடங்கலாம் ஹைட்ரஜன் ஆய்வை

நாமக்கல் மாவட்டத்தில், காவிரியின் ஜேடர்பாளையம் படுகை அணையில் ராஜவாய்க்கால் பிரியும் இடத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு கணக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். ஆற்றில் இன்று இவ்வளவுதான் தண்ணீர். மேல்மடைக்காரர் எவ்வளவு எடுக்கலாம், கடைமடைக்கு எந்த நாளில் போய்ச் சேர வேண்டும், வெற்றிலைக் கொடிக்கால் எத்தனை நாள் தாங்கும், வாழை எத்தனை நாள் தாங்கும்? பொய்யேரி, குமாரபாளையம், மோகனூர் வாய்க்கால்களிலும் இதே பேச்சுதான். இந்தக் கணக்கில் தண்ணீருக்குப் பதில் மின்சாரம், வெப்பம், எரிவாயு, ஹைட்ரஜன் நான்கையும் சேர்த்துப் போட்டால், உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் இன்று மும்முரமாகச் செய்கிற ஒரு வேலை கிடைத்துவிடும். பல ஆற்றல் வலைப்பின்னல்களின் உகப்பாக்கம் என்று அதற்குப் பெயர். ஆய்வுக்கூடங்களில் ஆப்டிமைசேஷன் என்றே சொல்வார்கள்.

பிளஸ் டூ முடித்தவர்களும் பொறியியல் படிப்பவர்களும் 'பசுமை ஹைட்ரஜனில் வேலை இருக்கிறதா' என்று கேட்கிறார்கள். இருக்கிறது. ஆனால் அது ஒரே வேலை என்று நினைத்துத் தேடினால் கிடைக்காது. எந்த வாசல் வழியாக நுழைகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

அதற்கு முன் நான்கு எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒரு கிலோ ஹைட்ரஜன் தயாரிக்கக் குறைந்தது 9 லிட்டர் தூய நீர் வேண்டும். நீரைப் பிரிக்கும் எலக்ட்ரோலைசர் அதற்கு ஏறக்குறைய 50 முதல் 55 யூனிட் மின்சாரம் எடுக்கும். அந்த ஒரு கிலோவை எரித்தால் கிடைப்பது சுமார் 33 யூனிட்டுக்குச் சமமான ஆற்றல். அதை எரிகலத்தில் (ஃபியூயல் செல்) விட்டுத் திரும்ப மின்சாரமாக்கினால் கைக்கு வருவது பதினாறு, பதினேழு யூனிட். போட்டதில் மூன்றில் ஒரு பங்கு.

நேர்காணலுக்குப் போகிற எவரும் இந்த எண்களில் இருந்து சுயமாக ஒரு முடிவுக்கு வரத் தெரிந்திருக்க வேண்டும். நம்மூர் வெல்ல ஆலையை எடுத்துக்கொள்வோம். ஆலைக் கொட்டகையில் கருப்பஞ்சாறு காய்ச்ச ஹைட்ரஜனை எரிக்கலாமா? கூடாது. கரும்பு பிழிந்த சக்கை அங்கேயே காய்ந்து கிடக்கிறது. ஐம்பது யூனிட் நல்ல மின்சாரத்தைச் செலவழித்து முப்பத்து மூன்று யூனிட் அடுப்பெரிப்பது வீண். அதே ஹைட்ரஜனை அம்மோனியாவாக்கி உரத்துக்கு அனுப்புவது வேறு கதை; அங்கே அதற்கு மாற்று குறைவு. தூத்துக்குடி ஸ்பிக் போன்ற உர ஆலைக்கு அம்மோனியா வேண்டும். அதற்கு ஹைட்ரஜன் இன்றியமையாதது. சேலம் பக்கம் பொட்டனேரியில் இருப்பது போன்ற உருக்காலைகளில் இரும்புத் தாதுவில் இருந்து ஆக்சிஜனைப் பிரிக்க இன்று நிலக்கரிக் கோக் பயன்படுகிறது. அந்த வேலையை ஹைட்ரஜனும் செய்யும். எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று எண்ணோடு சொல்லத் தெரிந்தவருக்கே இந்தத் துறையில் மதிப்பு. 'வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்தவருக்கு இன்னும் அதிகம் என்பது என் கருத்து.

இப்போது நம் வட்டாரத்தை ஒரே தாளில் வரைந்து பாருங்கள். காவிரியில் சோழசிராமணிக் கதவணையில் 30 மெகாவாட் நீர்மின் நிலையம். கூரைகளில் சூரியத் தகடு. தோட்டங்களில் பம்ப்செட். கொட்டகைகளில் சக்கை. மோகனூர், ஓடப்பள்ளி சர்க்கரை ஆலைகளில் சக்கையில் இருந்து மின்சாரம். புதுச்சத்திரம் அருகே கோழி எச்சத்திலும் சாணத்திலும் எரிவாயு எடுக்கும் ஆலை. இவை ஒவ்வொன்றும் தனித்தனி அலுவலகத்தின் கோப்பில் கிடக்கின்றன. சுவிட்சர்லாந்தில் ஸூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் கெய்டல், யோரான் ஆண்டர்சன் ஆகியோரின் குழு, இப்படிச் சிதறிக் கிடப்பவற்றை 'ஆற்றல் மையம்' என்ற ஒரே கணித அமைப்புக்குள் கொண்டுவரும் முறையை 2007 வாக்கில் எழுதி வெளியிட்டது. ஒவ்வொரு மணி நேரமும் எந்த ஆற்றலை எதாக மாற்றுவது, எதைச் சேமிப்பது, எதை விற்பது என்பதை அந்தச் சமன்பாடுகள் சொல்லும். எலக்ட்ரோலைசர் கக்கும் வெப்பம் அறுபது, எண்பது டிகிரிக்கு வரும். ஒரு கிலோ ஹைட்ரஜனோடு எட்டு கிலோ ஆக்சிஜனும் வெளிவரும். இவற்றைக் கணக்கில் சேர்த்தால் ஒரு விடை, விட்டுவிட்டால் வேறு விடை. ஆய்வுக்கான இடம் அங்கேதான்.

கணக்கும் புரோகிராமிங்கும் வரும் என்றால் இதுவே உங்கள் வாசல். மின்னியல், வேதிப்பொறியியல், இயந்திரவியல், கணிதம் எதில் இருந்தும் வரலாம். லீனியர் புரோகிராமிங் கல்லூரியிலேயே வரும் பாடம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடாதீர்கள். பைதானில் பைப்சா என்ற மென்பொருள் தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது. மின்சாரம், வெப்பம், ஹைட்ரஜன் மூன்றையும் இணைத்து அதில் மாதிரி கட்டலாம்.

வேதியியல் பிடித்தவர்களுக்குக் காரைக்குடி. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில், 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அங்கே இருக்கிறது. எலக்ட்ரோலைசரின் இதயமே மின்வேதியியல்தான். சென்னையில் ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில் ஏஆர்சிஐ என்ற மத்திய அரசு ஆய்வு நிறுவனத்தின் எரிகலத் தொழில்நுட்ப மையம் இயங்குகிறது.

ஐடிஐ, டிப்ளமோ படித்தவர்கள் இதைத் தங்களுக்கு எட்டாத துறை என்று ஒதுக்கிவிடக் கூடாது. மேட்டூரில் உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடா எடுக்கும் தொழில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அந்த முறையில் குளோரினோடு ஹைட்ரஜனும் வெளிவரும். அனல்மின் நிலையங்களின் பெரிய ஜெனரேட்டர்களைக் குளிர்விப்பதும் ஹைட்ரஜன்தான். அதனால் வேதி ஆலை ஆபரேட்டர், இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக், வெல்டர், எலக்ட்ரீஷியன் ஆகிய பழைய படிப்புகளே இங்கும் அடிப்படை.

நாமக்கல்காரர்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. அதை நாமே கவனிப்பதில்லை. தென்மண்டல கேஸ் டேங்கர் லாரி உரிமையாளர்கள் சங்கத்தின் தலைமையிடமே நாமக்கல். அழுத்தத்தில் இருக்கும் எரிவாயுவைப் பாதுகாப்பாக ஏற்றி இறக்கும் பழக்கம் இந்த மாவட்டத்தின் ரத்தத்தில் ஊறியது. ஆனால் எல்பிஜி அனுபவத்தை அப்படியே ஹைட்ரஜனுக்குக் கொண்டுபோனால் ஆபத்து. எல்பிஜி கசிந்தால் தரையோடு படியும். ஹைட்ரஜன் மேலே ஏறிக் கூரையில் தங்கும். எல்பிஜி காற்றில் ஏறக்குறைய 2 முதல் 10 சதவீதம் வரை கலந்தால்தான் தீப்பிடிக்கும். ஹைட்ரஜனுக்கு 4 முதல் 75 சதவீதம் வரை ஆபத்து. அதன் சுடர் பகலில் கண்ணுக்கே தெரியாது. டேங்கர் தொழில் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை இந்த வேறுபாடுகளையும் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் விதிகளையும் படித்துக்கொண்டால், பாதுகாப்பு அதிகாரி வேலைக்கு அவரைவிடப் பொருத்தமானவர் கிடைப்பது கடினம்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கேட் தேர்வில் தகுதி பெற்று எம்டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. நெட் தேர்வில் ஜேஆர்எஃப் பெற்றால் மாதம் 37,000. பெரிய சம்பளம் என்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் கேட்காமல் படிக்கலாம்.

எச்சரிக்கை ஒன்று. 2023 ஜனவரியில் மத்திய அரசு 19,744 கோடி ரூபாயில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் இலக்கு. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் தொடங்கிய முன்னோடி ஆலை மணிக்கு 10 கன மீட்டர் தயாரிக்கிறது. எடையில் ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. தெருவிளக்குக்கும் மின்வாகன சார்ஜிங்குக்கும் அது போகிறது. இலக்குக்கும் இன்றைய நிலைக்கும் இடையே உள்ள தூரம் இதுதான். எனவே 'ஹைட்ரஜன்' என்று பெயர் வைத்த குறுகிய காலப் படிப்புக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டாதீர்கள். அடிப்படைப் பட்டம் ஒன்றை ஆழமாகப் படியுங்கள். ஹைட்ரஜன் தாமதமானாலும் அது சோறு போடும்.

ஆய்வுக்கு விண்ணப்பிக்கும்போது பேராசிரியருக்கு 'ஆர்வம் உள்ளது' என்று மட்டும் எழுதினால் பதில் வராது. உங்கள் ஊரைப் பற்றி நீங்களே அளந்த இரண்டு பக்கத்தை இணைத்து அனுப்புங்கள். வெல்லம் காய்ச்சும் ஒரு கொப்பரைக்கு எத்தனை கிலோ சக்கை எரிகிறது, எவ்வளவு மிஞ்சுகிறது, மழை பெய்து சக்கை நனைந்தால் வேறு எதை வாங்கி எரிக்கிறார்கள், மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, அப்போது கூரைச் சூரியத் தகடு எவ்வளவு கொடுக்கும்? இந்த எண்கள் எந்த ஆய்விதழிலும் தேடினால் கிடைப்பவை அல்ல. கொட்டகைக்காரரிடம் 'அண்ணா, ஒரு நாள் கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன்' என்று கேட்டால் போதும்.

அடுத்த முறை பக்கத்து ஆலையில் அடுப்பு மூட்டும்போது ஒரு தராசும் நோட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் சக்கையை எடை போடுங்கள்.