வன்தட்டை ஒழுங்கு செய்யுமுன்

பெங்களூர் எஸ்.பி. சாலையில் பழைய கணினி வாங்கிப் பயிலும் நம்மவர் பலருண்டு. அவர்கட்காகவே இதனை எழுதுகிறேன்.

சுழலும் வன்தட்டில் ஒரு கோப்பு பல துண்டுகளாய்ச் சிதறிக் கிடந்தால், படிக்கும் முனை அங்குமிங்கும் அலைகிறது. தாமதத்திற்கு அதுவும் ஒரு காரணம். துண்டுகளைச் சேர்க்குமுன் நான் நான்கு செயல்களைச் செய்வேன்.

ஒன்று, ஆய்வேட்டை வேறிடத்தில் படியெடுத்து வைத்தல். இரண்டு, தட்டில் பழுதுண்டா எனச் சோதித்தல். பழுதுற்ற தட்டை அலைக்கழித்தால் உள்ளதும் போகும். மூன்று, வேண்டாதவற்றை நீக்கி, 15 விழுக்காடேனும் இடம் ஒழித்தல். வெற்றிடமின்றித் துண்டுகளை நகர்த்தவியலாது. நான்கு, பிற நிரல்களை மூடுதல்.

எஸ்.எஸ்.டி. வகைக்கோ இது வேண்டா. அதில் சுழலும் தட்டுமில்லை, அலையும் முனையுமில்லை. வீணே எழுதியழித்தால் ஆயுளே தேயும். ஆகவே, வகையறிந்து செயற்படுவீர்!