முத்திரிக்கிணறும் மண்டைக்காடும்

தீண்டாமை கொடிகட்டிப் பறந்த திருவிதாங்கூரில், எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் மொண்டு, ஒரே பந்தியில் உண்ண அய்யா வைத்தார். சுவாமித்தோப்பு முத்திரிக்கிணறு இன்றும் சாட்சி.

அதே நம் மாவட்டத்தில்தான் 1982 மார்ச்சில், மண்டைக்காட்டு மாசிக்கொடையில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதினர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. குன்றக்குடி அடிகளார் சைவ மடாதிபதி. அறிக்கை விட்டு மடத்தில் இருந்துவிடவில்லை. கலவரம் நடந்த பகுதிக்கே வந்து இரு சமயத்தாரிடமும் பேசினார். நாம் மறக்கக்கூடாத காரியம் அது.

இப்போது பகை கைபேசியில் வருகிறது. மாற்றுச் சமயத்தாரைப் பழித்துச் செய்தி வந்தால், அடுத்தவருக்கு அனுப்பாமல், அந்த ஊரில் தெரிந்தவரிடம் விசாரியுங்கள். பங்குப் பேரவை, ஜமாத் பெரியவர்களின் எண் நிழல்தாங்கல் பணிவிடையாளரிடம் இருக்கட்டும். வருகிற திருநாள் தர்மப் பந்திக்கு அவர்களை நேரில் போய் அழையுங்கள்.